சிவப்பு அட்டையும் சோடா மிஷினும்

1

நான் மலேசியாவுக்கு வந்து சேர்ந்த நாள் வருடா வருடம் வரும். அன்றைக்கு என் மனைவி சரோஜா பாயசம் வைத்து, "இன்னிக்கு நீங்க பொறந்த நாளுலா, சாப்பிடுங்க" என்று கிண்டல் செய்வாள். இந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன்னால் நான் மனிதனாகவே இல்லை என்பது அவள் கட்சி. கோலாலம்பூரில் இறங்கி, பஸ் ஏறி, ஜொகூரில் இந்தச் செனாய்க்கு வந்தபோது என் கையில் இருந்தது அருப்புக்கோட்டைத் தமிழும் குளிர்சாதன வேலையும்தான். இந்த வருடம் பாயசம் இல்லை. நானும் கேட்கவில்லை. ஏன் இல்லை என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இங்கே யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை.

தமிழ் தெரியும் என்ற தைரியத்தில்தான் வந்தேன். அதுவும் முதல் மாதமே போனது. ஒரு அம்மா நான் வேலை பார்த்த கடைக்குப் போன் செய்து, "எங்க வீட்டுல ஐஸ் பெட்டி ஓடல, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். நம் ஊரில் ஐஸ் பெட்டி என்றால் எதற்குக் கொண்டுவருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா திட்டிய திட்டில்தான் இங்கே ஃப்ரிட்ஜுக்கு அதுதான் பெயர் என்று தெரிந்துகொண்டேன். பாட்டிலுக்குப் போத்தல், ரோட்டுக்குச் சடக்கு, காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். இப்போது ஊருக்கு வந்தால் நீங்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சிரிப்புக்கு ஆளாகிவிட்டேன்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "ஒன் வீட்டுக்காரிய ஏன் கூட்டிட்டே வர மாட்டேங்கிற? எங்களையெல்லாம் பார்த்தா அவளுக்குக் கேவலமா இருக்கா?" என் அம்மா சாகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா இறந்தபோதும் நான் தனியாகத்தான் வந்தேன். சரோஜா செனாயில் வீடியோ போனைப் பிடித்துக்கொண்டு அழுததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அவள் வர முடியாது. அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை. எங்களைப் போல, தங்கிக்கொள்ளலாம், சொந்தம் கொண்டாட முடியாது என்று இருப்பவர்களுக்குச் சிவப்பு அட்டை. பல வருடம் வரிசையில் நின்று நானும் ஒரு சிவப்பு அட்டை வாங்கினேன். கடல் தாண்டி வந்தவன் நான், எனக்கு அது சரி. சரோஜா இதே ஜொகூரில் சாஆ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவள் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா களையெடுத்தாள். அவளுக்கும் அதே சிவப்பு அட்டை. அவள் பிறந்ததை யாரும் பதியவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வருடம்தான் அட்டையில் இருக்கிறது. எனக்காவது இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. அவளை எங்கள் நாட்டுக்காரி என்று சொல்ல உலகத்தில் ஒரு நாடும் இல்லை.

எங்கள் ஒரே மகள் ஷாமினி பிறந்த மறுநாளே நான் ஓடிப்போய்ப் பதிந்தேன். அவளுக்கு நீல அட்டை. படித்தாள், பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம், இப்போது முழுகாமல் இருக்கிறாள். வாரம் தவறாமல் வந்தவள் மாதத்துக்கு ஒரு தடவை ஆனாள், பிறகு தீபாவளிக்கு மட்டும். வந்தாலும் மாப்பிள்ளையோடு ஆங்கிலம்தான். போன தடவை சாப்பிட்டுக்கொண்டே, சிங்கப்பூர் குடியுரிமை கிடைத்துவிடும், நீல அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள்.

சரோஜா பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். "திருப்பிக் குடுக்கப் போறியா?"

"அது வெறும் கார்டுதான்லா அம்மா."

சரோஜா அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். பிரசவத்துக்கு மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஜொகூர் பாருவில் நின்றால் எதிர்க்கரையில் மகள் வீட்டுப் பக்கத்துக் கட்டடங்கள் தெரிகின்றன. இவளால் அங்கே போக முடியாது. "இந்தப் புள்ளைக்கு முடியலன்னாலும் அடுத்த புள்ளைக்காவது போகணும்" என்பாள். அதற்காகத்தான் மறுபடியும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். முன்பு போட்டவை எல்லாம் காரணம் சொல்லாமல் திரும்பி வந்திருந்தன.

கோயில் மண்டபத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு இலவசமாக உதவும் ரேவதி என்ற வக்கீல் பெண், "ஆன்ட்டி, நீங்க கைப்புள்ளையா இங்க இருந்ததுக்கு எதாவது இருக்கா?" என்று கேட்டாள். சரோஜாவிடம் ஒரு படம் இருந்தது. தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமார்களின் கிளப் வாசலில், ஒரு சோடா மிஷினுக்கு முன்னால், அவள் அம்மா கைக்குழந்தையோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். அம்மா தன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தது. சரோஜா குழந்தையாக இருக்கும் ஒரே படம் அதுதான். ரேவதி அதன் நகலை விண்ணப்பத்தோடு சேர்த்தாள். நேர்காணலில் எந்த வருடம் எடுத்த படம் என்று கேட்பார்கள், காட்ட முடிந்தால் நல்லது என்றாள். படத்தின் பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

3

நேர்காணலுக்கு நாள் குறித்து வந்திருந்த சமயத்தில்தான் அந்த மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜொகூர் பாருவில் புதிதாகக் காப்பிக் கடை திறக்கும் ஒருவர், சாஆவில் பழைய இரும்புக் கடையிலிருந்து அதை வாங்கி, லாரியில் ஏற்றி என் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பழைய காலத்துப் போத்தல் மிஷின். காசைப் போட்டுவிட்டு ஒடுக்கமான கதவைத் திறந்து, படுத்திருக்கும் போத்தலைக் கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். நீலப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, அடிப்பாகம் துருவேறி, உள்ளே எலி குடும்பம் நடத்திய அடையாளங்களோடு வந்தது.

சரோஜா துவைத்த துணியைக் காயப்போட வெளியே வந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றாள். பிறகு உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தாள். காசு விழும் பெட்டிக்கு யாரோ கோணலாக வெல்டிங் வைத்த ஒரு பூட்டுக் கொண்டி. படத்தில், அவள் அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் அதே கொண்டி, அதே கோணல்.

"அலமாக், இது எங்க கிளப்பு மிஷினுங்க!" என்று என் தோளில் அடித்தாள். தோட்டத்தை வீட்டுமனையாக்கியபோது கிளப்பை இடித்தார்கள், உள்ளே இருந்த சாமான்கள் பழைய இரும்புக்குப் போயின என்பது எங்களுக்குத் தெரியும். அது இப்படி எங்கள் வாசலைத் தேடி வரும் என்று யார் நினைத்தது? அன்று முழுவதும் அவள் சின்னப் பெண்ணைப் போலப் பேசிக்கொண்டிருந்தாள். மிஷினுக்கு வயது கண்டுபிடித்துவிட்டால் படத்துக்கும் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இந்த வேலையில் எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டு. எந்தக் குளிர்பெட்டியானாலும் திறந்து பார்த்தால் அதன் காலத்தைச் சொல்லிவிடுவேன். பெயர்த் தகடு தேய்ந்துபோயிருந்தது. ஆனால் கம்ப்ரஸர் மாதிரி, செம்புக் குழாயைப் பற்றவைத்த விதம், தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் திணித்திருந்த பஞ்சு எல்லாவற்றையும் வைத்து அறுபதுகளின் நடுவில் செய்தது என்று சொன்னேன். சரோஜாவின் அட்டையில் இருக்கும் பிறந்த வருடம் அதற்குச் சில வருடம் பிந்தியது. பொருந்தி வருகிறது என்று அவள் கைதட்டினாள்.

வேலை ஒன்றும் லேசாக இல்லை. அதில் ஓடிய பழைய கேஸ் இப்போது விற்பனையில் இல்லை. வேறு கேஸுக்கு ஏற்ற மாதிரி எண்ணெயை மாற்றி, குழாயைக் கழுவி, கசிவைத் தேடிப் பிடித்து அடைத்தேன். கதவு ரப்பரை இன்னொரு பெட்டியிலிருந்து வெட்டி ஒட்டினேன். காசு வழிதான் கடைசிவரை வம்பு செய்தது. அந்தக் காலத்துக் காசு அகலம், இப்போதைய காசு அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. கடைக்காரரிடம் சொன்னேன். "குளிரவும் வேணாம், காசும் வேணாம். லைட்டு எரிஞ்சாப் போதும் பாஸ், கஸ்டமர் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுப்பாங்க" என்றார். அதற்காக நான் அரைகுறையாக விடுவேனா? சொந்தக் காரணம் இருந்தது. மிஷின் குளிர்ந்தது. முதல் போத்தலை வைத்து எடுத்தபோது கண்ணாடியில் வேர்வை பூத்திருந்தது, சரோஜா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மாலையோடு எங்கள் சந்தோஷம் முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

4

மிச்சம் இருந்தது பெயிண்ட் சுரண்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை, நானும் அவளும் உப்புத்தாளும் தண்ணீருமாக உட்கார்ந்தோம். மேலே நீலம். அதை எடுத்தால் முழுக்கச் சிவப்பு. சிவப்பையும் எடுத்தால்தான் கம்பெனிப் பெயிண்ட் வந்தது, மேல் பாதி வெளிர் மஞ்சள், கீழ்ப் பாதி கரும்பச்சை. படத்திலும் மிஷின் அப்படித்தான் இருக்கிறது, மேலே வெளுப்பு, கீழே இருட்டு. படம் எடுத்தபோது சிவப்பு அடிக்கவில்லை என்று அவளுக்குக் காட்டினேன். "அப்ப எப்ப சிவப்பு அடிச்சாங்கன்னு தெரிஞ்சா முடிஞ்சிச்சு" என்றாள். நான் தலையாட்டினேன்.

அவள்தான் பின்பக்கத்துக் கீழ்த் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அங்கே நீலம் படவில்லை, சிவப்பு மட்டும்தான். "இங்க என்னமோ கீறி வச்சிருக்காங்க, வந்து பாருங்க."

எங்கள் தொழிலில் எல்லா ஊரிலும் ஒரு வழக்கம் உண்டு. கேஸ் ஏற்றினால், மாதத்தையும் வருடத்தையும் ஒரு ஆணியால் பின்பக்கம் கீறிவிடுவோம். அடுத்து வருகிறவனுக்கு உதவும். அருப்புக்கோட்டையிலும் நான் அப்படித்தான் செய்தேன், இங்கேயும் அப்படித்தான். அந்த மிஷினுக்குக் கேஸ் ஏற்றிய யாரோ ஒருவரும் செய்திருந்தார். அவர் பெயருக்கு இரண்டு எழுத்து, ஒரு மாதம், ஒரு வருடம். சிவப்புப் பெயிண்டைக் கீறி எழுதியிருந்தது. அதாவது, அந்தத் தேதிக்கு முன்னாலேயே சிவப்பு அடித்துவிட்டார்கள், படம் அதற்கும் முன்னால் எடுத்தது.

அந்த வருடம் சரோஜா பிறந்த வருடத்துக்கு முந்தியது. ஒன்றிரண்டு மாதம் இல்லை, நன்றாகவே முந்தியது.

கையில் உப்புத்தாள் இருந்தது. இரண்டு இழுப்பு இழுத்தால் அந்த எழுத்துப் போய்விடும். "ஒண்ணுமில்ல, சும்மா கிறுக்கியிருக்கான்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், எழுந்து போய் மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்தாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். வாய்க்குள் கூட்டிக் கழித்தாள்.

"அட்டையில இருக்கற வருசம் தப்பா இருக்குமோ?" என்றாள்.

"இருக்கலாம்" என்றேன். இருக்க முடியாது. வயதை ஒன்றிரண்டு வருடம் மாற்றிச் சொல்லியிருக்கலாம், இவ்வளவு சொல்லியிருக்க முடியாது. அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. படத்தை எடுத்துக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அந்த வயதில் எந்தக் குழந்தைக்கு என்ன அடையாளம் இருக்கிறது?

"அப்ப இது யாருங்க?"

5

சாஆவில் காத்தமுத்து அண்ணன் இருக்கிறார். அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். சரோஜாவின் பெற்றோரோடு அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்து இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். இருபக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, அதுவாகவே வரும் சடக்கில் நாங்கள் படத்தை எடுத்துக்கொண்டு காரில் போனோம். படத்தைக் கையில் கொடுத்ததும் அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"லெட்சுமிதான இது?"

"எந்த லெட்சுமிண்ணே?" என்றாள் சரோஜா.

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒங்கம்மா சொல்லவே இல்லையா? ஒனக்கு மூத்தவம்மா, தவுடு. மொதப் புள்ள."

தவுடு என்பது சரோஜாவின் வீட்டுப் பெயர். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். செல்லப் பெயர் என்று இருவருமே நினைத்திருந்தோம்.

"அவ பொறந்தப்ப ஒங்கப்பனுக்குக் காலு தரையில நிக்கல" என்றார் அண்ணன். "தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரக் கையோட கூட்டிட்டுப் போயி சூராட் எடுத்தான். கிராணிகிட்டக் கெஞ்சிப் படம் புடிச்சான். ஒரு வயசு ஆவல, காய்ச்சல்ல போயிடுச்சு. மரக்காட்டுக்குள்ளதான் பொதச்சோம். போயி ஆபீஸ்ல சொல்லுடான்னா மாட்டேன்னுட்டான். சொன்னா எம்புள்ள பேர அடிச்சிருவாங்கன்னு அழுதான். அடுத்து ரெண்டு தங்கல. அப்புறம்தான் நீ."

சூராட் என்றால் பிறப்புப் பத்திரம். சரோஜா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஏன் எடுக்கல?" என்று கேட்டாள்.

"ஒன்னய நாங்க வாங்குனோம்மா. எம் பொண்டாட்டி ஒன்னய மொறத்துல போட்டு எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருச்சு. ஒங்கம்மா பின்னாலேயே வந்து, ஒரு புடி தவுடு குடுத்துத் திருப்பி வாங்கிட்டுப் போச்சு. பெத்த புள்ள இல்ல, வெலைக்கு வாங்குனதுன்னு எமன் நெனச்சுக்கணும்ல. டிரெஸ்ஸரு வந்து பேரு கேட்டப்ப ஒங்கப்பன் வாசல்லயே நிறுத்திட்டான். எம்பேர எழுதிட்டா எம்புள்ளன்னு தெரிஞ்சு போயிரும், எழுதாதீங்கன்னான். நீ தங்கிட்டல்ல?" என்றார். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது.

நம் தெருவிலும் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள் உண்டு. உங்களுக்கும் ஆள் தெரியும், பெயர் சொல்ல வேண்டாம். ஆனால் அவர்கள் பெயர் ரேஷன் அட்டையில் இருந்தது. எமனை மட்டும் ஏமாற்றினார்கள், அரசாங்கத்திடம் உள்ளதைச் சொன்னார்கள். சரோஜாவின் அப்பா பயத்தில் இருவரையும் சேர்த்து ஏமாற்றிவிட்டார். எனக்கு என் மாமனார் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அதே சமயம், பிள்ளைகளை வரிசையாகப் புதைத்தவனிடம் போய் என்ன கேட்பது என்றும் இருந்தது. காரில் வந்து உட்கார்ந்தபிறகு சரோஜா அழவில்லை. நான்தான் அழுதேன்.

6

நேர்காணலுக்கு முன்பு நான் அவளிடம் பேசினேன். படத்தின் நகல் ஏற்கெனவே விண்ணப்பத்தோடு போய்விட்டது, நாமாக எதுவும் சொல்லத் தேவையில்லை, கேட்டால் தலையை மட்டும் ஆட்டு என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அவகிட்ட இருக்கறது அந்த ஒரு படந்தான். அதயும் நான் எடுத்துக்கவா?" எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன பிள்ளைக்கு இனி என்ன வேண்டியிருக்கிறது, உயிரோடு இருப்பவளுக்கு மகளைப் பார்க்க வழியில்லையே என்று கத்தினேன். இதை எழுதும்போதும் நான் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ரேவதியிடம் கேட்டோம். அவளும், "நீங்கதான் முடிவு பண்ணணும் ஆன்ட்டி" என்றாள்.

மிஷினை நேர்காணலுக்கு முந்திய நாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அது குளிர்கிறது என்பதைக் கடைக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்டவர் நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்தவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், சரோஜாவின் மலாய் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். இந்த ஊர்க்காரியின் மலாய் பிறகு எப்படி இருக்கும்? கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தவர் படத்தின் நகலில் நிறுத்தினார். குழந்தையின் மேல் விரலை வைத்து, "இது நீங்கள்தானே?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினால் போதும். அந்த ஒரு அசைவில் அவள் இந்த நாட்டில் பிறந்தவள் ஆகிவிடுவாள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"இல்லீங்க. என் அக்கா" என்றாள்.

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது போலிருக்கிறது. அக்கா பெயர் என்ன என்று கேட்டார். லெட்சுமி என்றாள். அவர் அப்பா, அம்மா பெயரைக் கணினியில் தட்டினார், எழுந்து உள்ளே போனார், வெகுநேரம் கழித்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது. உங்கள் பெற்றோர் பெயரில் ஒரு பிறப்புப் பதிவு இருக்கிறது என்றார். லெட்சுமி, பெண், அந்தத் தோட்டத்தில் பிறந்தது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உங்களுடையதைத்தான் காணோம்.

சரோஜா தலையை ஆட்டினாள்.

"உங்கள் அக்கா இன்னும் அடையாள அட்டையே வாங்கவில்லையே" என்றார் அவர், ஆச்சரியத்தோடு. "இப்போது எங்கே இருக்கிறார்?"

"சாஆவுலதான்."

"அவரை ஒருநாள் வரச் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் கஷ்டம், அவருக்குச் சுலபமாக முடிந்துவிடும்."

நான் வாயைத் திறக்கப் போனேன். சரோஜா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள். "சொல்றேன்."